மழை ஊரில் ஒரு டிரக் கேம்பர்

சியாட்டிலில் ஓராண்டில் பெய்யும் மழை சுமார் 1,000 மில்லிமீட்டர். சென்னையில் 1,400. ஆனால் சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், மறுநாள் வெயிலில் மொட்டைமாடி காய்ந்துவிடும். இங்கே அக்டோபரில் தொடங்கும் தூறல் மே மாதம் வரை விடுவதில்லை. நனைந்த பொருள் காயவே காயாது. இந்த ஊரில் பிக்கப் டிரக் மேல் ஏற்றும் கேம்பர் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது சோலார் எத்தனை வாட், பேட்டரி என்ன ரகம், ஃப்ரிட்ஜ் எந்தக் கம்பெனி என்பதைத்தான். கூரையில் ஏறிப் பார்த்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இந்த வகை வண்டியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிரக்கின் பின்பக்கத் தொட்டியில் (இதைப் பெட் என்பார்கள்) அப்படியே இறக்கி உட்காரவைக்கும் ஒரு சின்ன அறைதான் கேம்பர். உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, நான்கு பேர் நெருங்கி உட்காரும் மேசை. ஓட்டுநரின் தலைக்கு மேலே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் படுக்கை. நான்கு மூலைகளிலும் ஜாக் இருக்கும். தேவையில்லாதபோது அதன் மேல் நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும் ஓட்டிக்கொண்டு போகலாம். நாங்கள் வாங்கியது 2000களின் நடுவில் செய்யப்பட்ட பழைய கேம்பர். உள்ளே மரச்சட்டம், வெளியே ஃபைபர் கிளாஸ் பலகை, மேலே ரப்பர் கூரை. அதைச் சுமப்பது பெட்ரோலில் ஓடும் ஒரு ஃபோர்டு எஃப்-250.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் பிசகினால் மற்ற எல்லாம் வீண். டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு நிலையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். விளம்பரத்தில் போடும் எண்ணை நம்பாதீர்கள். ஒரே மாடல், ஒரே ஆண்டு வண்டிகளில்கூட இந்த எண் நூற்றுக்கணக்கான பவுண்டு வித்தியாசப்படும். டீசல் என்ஜின், நான்கு சக்கர இயக்கம், சன்ரூஃப் என்று ஒவ்வொன்றும் சுமக்கும் திறனில் கொஞ்சம் தின்றுவிடும். எங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் 3,120 பவுண்டு. கேம்பரின் பழைய விளம்பரத் தாளில் 'உலர் எடை' 1,950 பவுண்டு. ஆயிரம் பவுண்டுக்கு மேல் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் உலர் எடையில் தண்ணீர் கிடையாது, கேஸ் கிடையாது, பேட்டரி கிடையாது. பெரும்பாலும் ஏசியும் வெளிப்பந்தலும்கூட அதில் சேராது. ஒரு அமெரிக்க கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 30 கேலன் தொட்டியை நிரப்பினால் 250 பவுண்டு போய்விட்டது. 20 பவுண்டு கேஸ் சிலிண்டர் என்பது உள்ளே இருக்கும் வாயுவின் எடை. இரும்போடு சேர்த்தால் 37 பவுண்டு வரும். அப்புறம் நான், மனைவி, மகள், மெத்தை, போர்வை, பாத்திரம், அரிசி.

நெடுஞ்சாலையோர டிரக் ஸ்டாப்களில் 'கேட் ஸ்கேல்' என்ற எடைமேடை இருக்கும். பெரிய லாரிகளுக்கானதுதான், ஆனால் யாரும் ஏற்றலாம். இரண்டு சாப்பாட்டுக்குக்கூட ஆகாத கட்டணம். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக அச்சடித்துக் கொடுப்பார்கள். பயணத்துக்குத் தயாரான நிலையில், பாதித் தொட்டி தண்ணீரோடு, எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருக்க, எங்கள் வண்டி 9,860 பவுண்டு காட்டியது. அதன் மொத்த வரம்பு 10,000. மிச்சம் 140 பவுண்டு. பின் ஸ்பிரிங்குக்கு ஏர்பேக் என்ற காற்றடைத்த தாங்குபை போட்டால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிமிர்ந்து நிற்கும், வளைவில் ஆட்டமும் குறையும். ஆனால் அதைப் போட்டதால் சுமக்கும் திறன் ஒரு பவுண்டுகூட அதிகரிக்காது. பிரேக்கும் அச்சும் பழையபடிதான் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டே, அரை டன் எனப்படும் சிறிய ரக டிரக்கில் முழுக் கேம்பரை ஏற்றி ஓட்டுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரை டன் வண்டி வைத்திருப்பவர்கள் மேற்கூரை மடங்கும் பாப்-அப் கேம்பரையோ, பெட்டின் மேல் மூடி மட்டும் போடும் கேனப்பியையோ பார்ப்பது நல்லது. டயரையும் பாருங்கள்: லோடு ரேஞ்ச் ஈ என்ற கனரகம் வேண்டும்.

பழைய கேம்பரைப் பார்க்கப் போகும்போது நான் எடுத்துப்போனவை ஒரு டார்ச், ஒரு ஏணி, மரத்தின் ஈரத்தை அளக்கும் முள் வைத்த சின்னக் கருவி. கடைசியில் சொன்னது வன்பொருள் கடையில் மலிவாகவே கிடைக்கும். மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது உளுக்காது. அதற்கு மேல் காட்டினால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். கதவைத் திறந்ததும் மூக்கை நம்புங்கள். மக்கிய வாடை ஒரு பக்கம் என்றால், ரூம் ஃப்ரெஷ்னர் மணம் தூக்கலாக அடித்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். மெத்தையைத் தூக்கி அடியில் பாருங்கள். அலமாரிகளுக்குள் கையை விட்டு, கூரையும் சுவரும் சேரும் மூலைகளை அழுத்திப் பாருங்கள். வெளியே ஃபைபர் கிளாஸ் பலகையை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனால், பசை விட்டுப் பிரிந்த இடத்தில் சத்தம் மாறும். சுவரில் லேசாகக் கொப்புளம்போல உப்பியிருந்தாலும் அதே கதைதான்.

தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, வெளியே தெரியும் இடம் வேறு. இது முக்கியம். கூரையின் முன்விளிம்பில் இருக்கும் ஆரஞ்சு நிறச் சின்ன விளக்குகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மழையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது தண்ணீர் மேலிருந்து கீழே விழுவதில்லை; காற்று அதை நேராக விளக்கின் அடிப்பகுதிக்குள் அழுத்தும். ஸ்க்ரூ துளை வழியாக உள்ளே போய், மரச்சட்டத்தின் வழியே நாலைந்து அடி நகர்ந்து, படுக்கையின் பக்கவாட்டில் கறையாக வெளிவரும். நாங்கள் வாங்கிய கேம்பரில் முன்பகுதியின் வலது மூலையில் கருவி 28 காட்டியது. விற்றவர் நேர்மையானவர், தெரியும் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு எண்ணைக் காட்டியே விலையில் நல்ல தொகை குறைந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் கேம்பருக்கும் டிரக்கைப் போலவே தனி டைட்டில் (உரிமைப் பத்திரம்) உண்டு, பழையது வாங்கும்போது அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் சீலன்ட், அதாவது ஒழுகலை அடைக்கும் பசை, பூசும் வேலை செய்ய இயற்கை கொடுத்திருக்கும் காலம் ஜூலை, ஆகஸ்ட். அந்த இரண்டு மாதங்கள் மழை கிட்டத்தட்டக் கிடையாது. முதல் கோடை முழுக்க நாங்கள் எங்கும் போகவில்லை, மாலை வேளைகளில் கூரையில்தான் இருந்தேன். முதல் வேலை, பழைய சீலன்ட்டை எடுப்பது. இதில் பாதி நேரம் போகும். முன்பு வைத்திருந்த யாரோ எங்கெல்லாம் ஒழுகல் தெரிந்ததோ அங்கெல்லாம் குளியலறைச் சிலிகானைப் பூசிவைத்திருந்தார். சிலிகானின் குணம் என்னவென்றால், அது இருந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது, புதுச் சிலிகான்கூடச் சரியாக ஒட்டாது. ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் திரும்பத் திரும்பத் துடைக்கவேண்டும். இரும்புச் சுரண்டியை ரப்பர் கூரைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். பெட்ரோலிய வகைக் கரைப்பான்களும் வேண்டாம். ஈபிடிஎம் என்ற அந்த ரப்பர் அவற்றை உறிஞ்சி உப்பிவிடும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆர்வி (வீடுபோலத் தங்கிப் பயணிக்கும் வண்டி) மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, மேலே பூசுவது பாதுகாப்பு, அடியில் வைப்பதுதான் அடைப்பு என்றார். அவர் சொன்னது பியூட்டைல் டேப்பை. ஜன்னல், விளக்கு, கூரைத் துவாரம், மூலைப்பட்டி எதுவானாலும், அதை முழுசாகக் கழற்றி, அதன் விளிம்புக்கு அடியில் சுற்றிலும் பியூட்டைல் டேப்பை வைத்து, திரும்ப ஸ்க்ரூவை முடுக்கவேண்டும். டேப் பசை நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கும். ஒரேயடியாக இறுக்காமல், மறுநாள் வெயில் பட்டபின் இன்னொரு சுற்று முடுக்கினால் இன்னும் கொஞ்சம் பிதுங்கும், அதை வெட்டி எடுத்துவிடலாம். பியூட்டைல் ஆண்டுக்கணக்கில் இறுகாமல் மெத்தென்றே இருக்கும். வண்டி ஆட ஆட, வெயிலில் விரிந்து குளிரில் சுருங்க, அதுவும் கூடவே நகர்ந்துகொடுக்கும். அதற்கு மேல்தான் ஆர்விக்கு என்றே வரும் லேப் சீலன்ட். நான் டைகார் என்ற கம்பெனியுடையதைப் பயன்படுத்தினேன். அதில் தானாகப் பரவிச் சமமாகும் ரகம் கூரைக்கு மட்டும். செங்குத்தான இடத்தில் அதைப் போட்டால் வழிந்து கீழே வந்துவிடும். பக்கவாட்டுக்கு வழியாத ரகம் தனியாக இருக்கிறது. வாங்கும்போது ட்யூபில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நீளமான கூரை இணைப்புகளின் மேல் எடர்னாபாண்ட் டேப் ஒட்டினேன். அது ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான், நகர்த்திச் சரிசெய்ய வாய்ப்பே இல்லை. ஒரு முழத்துக்கு மேல் தனியாக ஒட்ட முயலாதீர்கள், மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

ஈரம் காட்டிய அந்த வலது மூலையைத் திறந்து பார்த்தபோது, இரண்டுக்கு இரண்டு அங்குலச் சட்டம் ஒரு முழ நீளத்துக்கு விரலால் நோண்டினால் உதிர்ந்தது. உளுத்த மரத்தின் மேல் எபாக்சி ஊற்றி இறுக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்க்ரூ பிடிக்காத ஒன்றிரண்டு துளைகளுக்கு அது சரி. படுக்கையைத் தாங்கும் சட்டத்துக்கு அது போதாது. நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் சட்டத்தைப் பக்கத்துச் சட்டத்தோடு ஒரு அடி நீளத்துக்கு ஒட்டி இணைத்தேன். அதற்கு முன், திறந்த இடத்தில் ஒரு மின்விசிறியை வைத்து, கருவி 12 காட்டும்வரை காயவிட்டேன். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் புதுமரமும் அதே வழியில்தான் போகும். ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினேன், பெரிய செலவில்லை.

அடைத்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தோட்டக் குழாயைத்தான் எல்லோரும் தேடுவார்கள். அதில் ஒரு சிக்கல்: ஒழுகினால் எங்கே ஒழுகியது என்று தெரியாது, சுவருக்குள் தண்ணீரையும் நாமே விட்டிருப்போம். அதற்குப் பதிலாகக் காற்றை வைத்துச் சோதிக்கலாம். கூரையில் இருக்கும் 14 அங்குலச் சதுரத் துவாரத்தை அட்டையால் மூடி, அட்டையில் ஓட்டைபோட்டு, இலை ஊதும் இயந்திரத்தின் வாயைச் செருகி டேப் ஒட்டுங்கள். ஜன்னல், கதவு, ஹீட்டரின் புகைவாய், சிங்க் வடிகால் எல்லாவற்றையும் அடையுங்கள். இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் ஏறும். வெளியே எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வாருங்கள். ஒழுகல் இருக்கும் இடத்தில் நுரை குமிழ் குமிழாக எழும். மகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது. நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று நம்பிய பின்பக்க ஏணியின் கால்களில் குமிழ் வந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள்.

இலையுதிர்காலத்தில் ஒலிம்பிக் தீபகற்பத்துக்குப் போனோம். பசிபிக் கடற்கரையில், 101ஆம் எண் நெடுஞ்சாலையோரம் ஒரு மேட்டின் மேல் இருக்கும் கலேலாக் முகாம் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். அங்கிருந்து உள்ளே போனால் ஹோ மழைக்காடு, ஆண்டுக்குச் சுமார் 140 அங்குலம், அதாவது மூன்றரை மீட்டர் மழை பெய்யும் இடம். கேம்பரைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இரவெல்லாம் கடற்காற்றோடு மழை அடித்தது. காலையில் மனைவி, "ஏங்க, தலகாணி ஏன் இப்படி ஈரமா இருக்கு? எல்லாத்தையும் அடைச்சாச்சுன்னு சொன்னீங்களே" என்றாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தேன். ஈரமானி வைத்த இடமெல்லாம் சட்டம் காய்ந்தே இருந்தது. ஆனால் ஜன்னல் சட்டங்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, மெத்தையின் அடிப்பக்கம் நசநசவென்று இருந்தது, ஸ்க்ரூ தலைகளில்கூடத் துளித்துளியாக நின்றது.

வெளியிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. எல்லாம் நாங்கள் விட்ட மூச்சு. தூங்கும்போது இரண்டு பேருடைய மூச்சும் தோலும் சேர்ந்து ஒரு இரவில் சுமார் அரை லிட்டர் நீரை ஆவியாக விடுகின்றன, நாங்கள் மூன்று பேர். காய்கறி வேகவைத்த ஆவி, கொடியில் தொங்கிய மழைக்கோட்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு லிட்டருக்கு மேல். நன்றாக அடைத்த கேம்பர் என்பது மூடிபோட்ட இட்லிப் பானை. உள்ளே எழும் ஆவிக்குப் போக இடமில்லை, எங்கே குளிர்ச்சியான பரப்பு கிடைக்கிறதோ அங்கே நீராகிவிடும். ஜன்னலின் அலுமினியச் சட்டம், சுவரில் இன்சுலேஷன் இல்லாத இடங்கள், உடம்புச் சூடு மேலே தடுக்கப்பட்டு அடியில் குளிர்ந்து கிடக்கும் மெத்தைப் பலகை, இவைதான் முதலில் நனையும்.

மழைக்காக எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, இப்போது திறக்கச் சொல்வது மனசுக்கு ஒப்பாது. ஆனால் வேறு வழியில்லை. கூரை மின்விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வெளியே இழுக்கும்படி ஓடவிட்டு, விசிறிக்கு எதிர்முனையில் கீழே இருக்கும் ஒரு ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்துவையுங்கள். காற்று ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி இருக்கவேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் பயனில்லை. மழையிலும் விசிறியைத் திறந்துவைக்க அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவசம் கிடைக்கிறது, அதை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். குளிர்காற்று உள்ளே வந்தால் அறை குளிர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். வெளிக்காற்று ஈரமாகத் தெரிந்தாலும், அது உள்ளே வந்து சூடானதும் அதன் ஈரப்பதம் சட்டென்று குறைந்துவிடும், அதனால் நம்முடைய ஆவியை அது வாங்கிக்கொண்டு போகும். கொஞ்சம் கூடுதலாக ஹீட்டர் ஓடும், அவ்வளவுதான். மெத்தைக்கு அடியில் படகுகளில் போடும் நெகிழிக் கண்ணி விரிப்பு போட்டோம். முக்கால் அங்குல இடைவெளிதான், ஆனால் அதில் காற்று நடமாடுவதால் பூசணம் வரவில்லை. ஜன்னல்களுக்கு ரிஃப்ளெக்டிக்ஸ் என்ற வெள்ளிநிறக் குமிழ் விரிப்பை அளவாக வெட்டிச் செருகினோம். அதன் ஓரங்கள் சட்டத்தோடு இறுகப் பொருந்தவேண்டும், தளர்வாக இருந்தால் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும்.

ஹீட்டர் விஷயத்தில் நான் கறாரானவன். கேம்பரோடு வந்த புரொப்பேன் ஃபர்னஸ் வெளியிலிருந்து காற்றை எடுத்து, வெளியிலேயே புகையை விடும். உள்ளே வருவது சூடான உலர்ந்த காற்று மட்டும். அதன் குறை சத்தமும், ஓடும்போது சுமார் 3 ஆம்பியர் மின்சாரம் எடுப்பதும். சிலிண்டரில் நேராக மாட்டும் சின்ன ஹீட்டர்கள் மின்சாரம் கேட்காது, விலையும் குறைவு. ஆனால் அவை எரியும் எல்லாவற்றையும் அறைக்குள்ளேயே விடுகின்றன. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் உண்டாகும். ஈரத்தை விரட்ட வாங்கிய சாதனமே ஈரத்தைக் கொண்டுவரும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. தூங்கும்போது அதை எரியவிடாதீர்கள், சரியா. கார்பன் மோனாக்சைடு அலாரமும் கேஸ் கசிவு அலாரமும் பழைய கேம்பரில் இருந்தாலும், பின்பக்கம் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். அவற்றுக்கும் ஆயுள் உண்டு. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிவு அலாரம் தரையோரம் இருக்கவேண்டும்.

சமையல் பற்றி நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கேம்பர்கள் சாண்ட்விச்சும் சூப்பும் சாப்பிடுபவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. உள்ளே கடுகு தாளித்தால் அந்த வாடை திரைச்சீலையில் அடுத்த பயணம்வரை இருக்கும், வெங்காயம் வதக்கினால் கேட்கவே வேண்டாம். இட்லி அவித்தால் கால்மணி நேரத்தில் ஜன்னலெல்லாம் வழியும். எங்கள் ஏற்பாடு: பின்கதவுக்கு மேலே வெளிப்பந்தல், அதன் கீழே மடக்கு மேசை, இரட்டை அடுப்பு. தாளிப்பது, பொரிப்பது, அவிப்பது எல்லாம் வெளியே. புளிக்காய்ச்சலும் பொடிகளும் வீட்டிலிருந்தே வரும். உள்ளே காபிக்குப் பால் காய்ச்சுவது, குக்கரில் சாதம் வைப்பது மட்டும், அதுவும் விசிறி ஓடும்போது. மலையேறினால் குக்கரின் அருமை தெரியும். ரெய்னியர் மலையின் பாரடைஸ் பகுதி 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும். இன்னொன்று, இங்கே கரடி உண்டு. சமைத்து முடித்ததும் பாத்திரம், எண்ணெய்ப் புட்டி, குப்பை எல்லாம் கேம்பருக்குள்ளேயோ முகாமின் இரும்புப் பெட்டியிலோ போய்விடவேண்டும், பந்தலின் கீழ் விட்டுவைக்கக்கூடாது.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று வைத்தோம். ஃபர்னஸ், விசிறி, விளக்கு, சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஆகியவற்றுக்கு ஒரு நாள் தாராளமாக, இரண்டாவது நாள் பார்த்துப் பார்த்து. இந்த ரகப் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும். ஆகவே வெளிப்புறப் பெட்டியில் இருந்த பழைய பேட்டரி இடத்தை விட்டுவிட்டு, மேசை இருக்கைக்கு அடியில், உள்ளே வைத்தோம். 200 வாட் சோலார் கோடையில் பிரமாதம். டிசம்பரில் இங்கே பகல் சுமார் எட்டரை மணி நேரம்தான், அதிலும் மேகம், அதற்குமேல் ஊசியிலை மர நிழல். அப்போது காப்பாற்றுவது டிரக்கின் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் செய்யும் டிசி-டிசி சார்ஜர். டிரெய்லருக்கான ஏழு முள் இணைப்பில் வரும் கம்பி மெல்லியது, அதை நம்பவேண்டாம். டிரக் பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த கம்பி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். குளிர்காலத்தில் சோலாருக்குச் செலவழிக்கும் பணத்தை இதில் போடுங்கள் என்பது என் கட்சி.

உள்ளே புதிதாக அலமாரி எதுவும் அடிக்கவில்லை. ஒவ்வொரு ப்ளைவுட் பலகையும் எடைதான், பின்னால் காற்று போகாத ஒரு ஈர மூலையும்தான். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளும் வலைப்பைகளும் போதும். ஆனால் நுழைந்ததும் நனைந்த பொருட்களுக்கென்று ஓர் இடம் அவசியம். கதவருகே விளிம்பு வைத்த ரப்பர் தட்டு, மேலே நாலு கொக்கி, பக்கத்திலேயே ஃபர்னஸின் காற்று வாய். ஷூவும் மழைக்கோட்டும் அதைத் தாண்டி வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மகள் என்னைவிடக் கண்டிப்பாக அமல்படுத்துகிறாள். உறைபனிக் காலத்தில் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, குழாய்களில் இளஞ்சிவப்பு நிற ஆர்வி ஆன்டிஃப்ரீஸை ஓட்டிவிடுகிறோம். காரின் ரேடியேட்டரில் ஊற்றுவது விஷம், இது வேறு. பனிக்காலப் பயணத்துக்கு இரண்டு கேன் தண்ணீர் போதுமானது, எடையும் மிச்சம்.

கேம்பரை டிரக்கோடு பிணைக்கும் டர்ன்பக்கிள்கள் (முறுக்கி முடுக்கும் பிணைப்புகள்) வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து வரவேண்டும். பெட்டின் தகரத்தில் மாட்டினால் காலப்போக்கில் தகரம் கிழியும். பெட்டில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டு அதன் மேல் கேம்பரை இறக்குங்கள், வழுக்காது. ஏற்றிய பிறகு ஐம்பது மைல் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு பக்கமும் திரும்ப முடுக்குங்கள். முதல் ஓட்டத்தில் எப்போதும் கொஞ்சம் தளரும். கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு முன்னால் விழவேண்டும், இதற்கான குறி கேம்பரின் பக்கவாட்டில் அம்புக்குறியாக இருக்கும். மொத்த உயரத்தை அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். மெக்டொனால்ட்ஸ் டிரைவ்-த்ரூவில் நுழைவதற்கு முன் அது ஞாபகம் வரவேண்டும். வண்டிகளை ஏற்றிச்செல்லும் ஃபெரி படகில் ஏறும்போது சிலிண்டர் வால்வை மூடிவிடவேண்டும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் இங்குள்ள சில கணவாய்களில் சக்கரச் சங்கிலி வைத்திருந்தே ஆகவேண்டும். எங்கள் வண்டியின் வரம்பு சரியாக எல்லையில் நிற்பதால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் ஸ்னோகுவால்மி கணவாயை ஒருமுறை பனியில் பார்த்தவர்கள் சங்கிலி இல்லாமல் கிளம்பமாட்டார்கள்.

வீட்டில் நிறுத்தும்போது தார்ப்பாய் போட்டு மூடுவதை நிறுத்திவிட்டேன். காற்றில் அது அடித்து அடித்துக் கூரை ரப்பரைத் தேய்க்கும், அடியில் ஈரமும் தங்கும். கார்போர்ட் இருந்தால் உத்தமம். இல்லையென்றால் முன் ஜாக்குகளைக் கொஞ்சம் உயர்த்திச் சாய்வாக நிறுத்துங்கள், தண்ணீர் தேங்காமல் வழியும். உள்ளே மெத்தையை நிமிர்த்திச் சாத்திவைத்து, அலமாரிக் கதவுகளைத் திறந்துபோட்டு, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். 60ஐத் தாண்டினால் வீட்டு மின்சாரத்தில் டீஹியூமிடிஃபையர் ஓடும். செப்டம்பரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை கூரையில் ஏறி எல்லாச் சீலன்ட்டையும் விரலால் தடவிப் பார்ப்பேன். நூலிழை வெடிப்பு தெரிந்தாலும், சுத்தம்செய்து அதன் மேலேயே புது டைகார் ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும், முழுசாகச் சுரண்டத் தேவையில்லை. பயணத்தில் ஒரு ட்யூப், ஒரு முழம் எடர்னாபாண்ட், சின்னப் புட்டியில் ஆல்கஹால், பழைய துண்டு ஆகியவை எப்போதும் இருக்கும். ஈரமான பரப்பில் இரண்டுமே ஒட்டாது. மழை விட்ட இடைவெளியில் நன்றாகத் துடைத்து, ஆல்கஹால் தடவிக் காயவைத்துத்தான் ஒட்டவேண்டும், அதற்குக் கால்மணி நேரம் போதும்.